ஆறாம் பெட்டியின் சாட்சி

அத்தியாயம் 4

"அண்ணா, நீங்க மாட்டிக் குடுத்த கார்டு என்மேல பொய்சாட்சி சொல்லுது."

போனில் ஒரு பெண் இப்படிச் சொல்லி அழுதபோது என் கணவர் சாந்தகுமாரின் வாயில் பாதி இட்லி இருந்தது. அதை அவர் விழுங்கிய வேகத்திலேயே தெரிந்துவிட்டது, இன்றைக்கு எனக்கு லீவு நாள் இல்லை என்று.

வேலூர் சத்துவாச்சாரியில் அவர் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை வைத்திருந்தார். போர்டில் பெரிய எழுத்தில் 'கிருபா கம்ப்யூட்டர்ஸ்' என்று என் பெயர் இருக்கும். கீழே சின்ன எழுத்தில், 'ரகசிய விசாரணைகளும் செய்து தரப்படும்.' அந்தச் சின்ன எழுத்துதான் அவருக்குப் பெருமை. நான் ஆஸ்பத்திரி ரெக்கார்டு பிரிவில் வேலை பார்த்தேன். லீவு நாட்களில் அவருக்கு உதவியாளர். சம்பளம் கிடையாது. வாயை மூடிக்கொண்டு இருக்க வேண்டும் என்ற நிபந்தனை மட்டும் உண்டு, அதை நான் ஒருநாளும் காப்பாற்றியதில்லை.

அழுத பெண் கலையரசி. ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியின் டிசைன் ரூமில் வேலை. குடியாத்தத்தில் லுங்கி நெய்யும் குடும்பத்துப் பெண். தினமும் ரயிலில் வந்து போகிறவள். அந்த வருஷம் ஜூனில் கம்பெனிமேல் இடி விழுந்து, டிசைன் ரூமில் இருந்த எட்டுக் கம்ப்யூட்டர்களிலும் நெட்வொர்க் வயர் சொருகும் இடம் கருகிப்போயிருந்தது. மெயின் போர்டையே மாற்றினால் செலவு ஜாஸ்தி. ஆளுக்கு ஒரு நெட்வொர்க் கார்டு வாங்கிப் பொருத்தினால் போதும் என்று சொல்லி, அந்த எட்டையும் பொருத்தியது நாங்கள்தான்.

அவர் மாதிரி கார்டு பொருத்துகிற ஆளை நான் பார்த்ததில்லை. முதலில் கரண்ட் வயரைப் பிடுங்குவார். பெட்டியைத் திறந்து, உள்ளே இருக்கும் இரும்பை ஒருமுறை தொட்டு, உடம்பில் இருக்கிற மின்சாரத்தை இறக்கிவிடுவார். பிறகு கார்டை ஓரத்தில் பிடித்து, அதன் தங்கப் பற்களை நேராகப் பார்த்து இடைவெளிக்குள் வைத்து அழுத்துவார். டக் என்று ஒரு சத்தம். ஒரு திருகாணி. அவ்வளவுதான். பாலியஸ்டர் புடவை கட்டியிருந்தால் என்னைப் பக்கத்தில் விடமாட்டார். அந்தப் புடவையில் பிறக்கும் பொறி கார்டைக் கொன்றுவிடுமாம். இருபது வருஷமாக உங்களையே கொல்லவில்லை, கார்டையா கொல்லப்போகிறேன் என்று அன்றைக்குக் கேட்டேன். எட்டுப் பேரும் சிரித்தார்கள். கலையரசி கொஞ்சம் அதிகமாகவே சிரித்தாள். அதனால்தான் அவளை ஞாபகம் இருந்தது.

ஒவ்வொரு கார்டுக்கும் அதைச் செய்கிற இடத்திலேயே ஒரு நம்பர் கொடுத்துவிடுகிறார்கள். ஒன்றின் நம்பர் இன்னொன்றுக்கு வராது. அவர் நம்பரைப் படிக்க, எந்தப் பெட்டியில் எது, அந்தப் பெட்டியில் யார் என்று நான் ஒரு தாளில் எழுதி, டிசைன் ரூம் சுவரில் ஒட்டிவிட்டு வந்தோம். இப்போது அந்தத் தாள்தான் அவளைக் காட்டிக்கொடுத்திருக்கிறது.

ஆம்பூர் பஸ் பள்ளிகொண்டா டோலைத் தாண்டுவதற்குள், அவள் போனில் சொன்னது முழுவதும் அவர் வாயிலிருந்து வந்துவிட்டது. ஒரு லேடீஸ் பூட்ஸ் டிசைன். வெளிநாட்டு ஆர்டருக்காக ஏழு மாதம் வரைந்தது. அதே பூட்ஸ், தையல்கூட மாறாமல், ராணிப்பேட்டைப் பக்கம் வேறொரு கம்பெனியின் சாம்பிளாக அந்த வெளிநாட்டுக்காரர் மேஜைக்குப் போய்விட்டது. ஆபீஸில் இருக்கும் இன்டர்நெட் பெட்டி எல்லாவற்றையும் குறித்து வைக்கும். அதைத் தோண்டிப் பார்த்தால், அக்டோபர் கடைசியில் ஒரு வெள்ளிக்கிழமை மதியம் ஒன்று இருபதுக்கு அந்த டிசைன் வெளியே போயிருக்கிறது. அனுப்பிய கார்டின் நம்பர், சுவரில் என் கையெழுத்தில் இருக்கிற ஆறாம் நம்பர் பெட்டி. கலையரசியின் பெட்டி.

"மூணு மணிக்குள்ள எழுதிக் குடுத்துட்டு வேலையை விட்டுப் போகணுமாம். இல்லன்னா போலீஸாம். எங்கப்பாவுக்கு இன்னும் தெரியாதுண்ணா" என்றிருக்கிறாள்.

"உன் கையெழுத்து நல்லா இருக்குன்னு அன்னிக்கே சொன்னேன்" என்றார் அவர் என்னிடம். "பாரு, எவ்ளோ தெளிவா மாட்டிவிட்டிருக்கு."

*

கம்பெனி வாசலில் இறங்கும்போதே அந்த வாசனை வந்துவிட்டது. புதுத் தோலும் பசையும் கலந்த வாசனை. தையல் ஹாலைத் தாண்டித்தான் முதலாளி அறைக்குப் போக வேண்டும். இருநூறு பெண்கள் மெஷின் முன்னால். எங்களுக்கு முன்னால் நடந்துபோன கலையரசியை ஒருத்தியும் நிமிர்ந்து பார்க்கவில்லை. பார்க்காமல் இருப்பதற்கு அவ்வளவு பேர் ஒரே நேரத்தில் குனிவதை அன்றைக்குத்தான் பார்த்தேன். காலையில் அதே ஹால் நடுவில் வைத்துத்தான் அவளைத் திருடி என்று சொல்லியிருக்கிறார்கள்.

சொன்னவன் நவீத். முதலாளி ரஷீத் அஹமதுவின் மகன். முப்பது வயது, மூக்கு நுனியில் கோபம். போலீஸைக் கூப்பிட்டே ஆக வேண்டும் என்று அறைக்குள் நடந்துகொண்டே இருந்தான். ரஷீத் பாய் அதற்கு நேர்மாறு. மெல்லிய குரல், பக்கத்தில் இருப்பவருக்கே பாதிதான் கேட்கும். ரொம்ப பேஜாராக இருக்கிறது, இந்தப் பெண்ணை என் வீட்டுப் பிள்ளை மாதிரி நினைத்தேன் என்று மேஜையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

மூன்றாவது ஆள் ஆபீஸ் மேனேஜர் ஹரிஹரன், டிசைன் ரூமிலேயே உட்கார்ந்து வேலை பார்க்கிறவர். கலையரசியை வேலைக்கு எடுத்தவரே அவர்தானாம். நாங்கள் போனபோது அவளுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொடுத்துக்கொண்டிருந்தார். போலீஸ் வேண்டாம், சின்னப் பொண்ணு, கல்யாணம் ஆகவேண்டியவள், அமைதியாக எழுதிக்கொடுத்துவிட்டுப் போகட்டும் என்று நவீதிடம் மன்றாடினார். அந்தக் கடிதத்தைக்கூட அவரே டைப் அடித்து வைத்திருந்தார், அவளுக்குச் சிரமம் வேண்டாம் என்று. எனக்கு அவரை ரொம்பப் பிடித்துவிட்டது. வாசலில் இறங்கும்போதே நவீதைக் குற்றவாளி என்று முடிவு செய்துவிட்டேன். இப்போது அதற்குக் கீழே கோடும் போட்டேன்.

சாந்தகுமார் மூன்று மணிவரை அவகாசம் கேட்டார். கார்டுகளைப் பொருத்தியது தான், ஆகவே பார்க்க வேண்டிய பொறுப்பும் தன்னுடையது என்றார். ரஷீத் பாய் தலையசைத்தார்.

டிசைன் ரூமில் கலையரசியின் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தார். கார்டின் நம்பரைத் திரையில் வரவழைத்தார். 7பி-ஈ2 என்று முடிந்தது. சுவரில் இருந்த தாளிலும் அதே. கலையரசி கண்ணை மூடிக்கொண்டாள்.

அவர் அசரவில்லை. ஒருமுறை பார்த்த கார்டைக் கம்ப்யூட்டர் லேசில் மறக்காது. மறைந்திருப்பதையும் காட்டு என்று கேட்டால், முன்பு எப்போதோ மாட்டியிருந்ததையும் வெளிறிய எழுத்தில் காட்டும். அதைக் கேட்டார். காட்டியது. இப்போது இருக்கிற கார்டுக்குக் கீழே, ஆவி மாதிரி வெளிறி, இன்னொரு கார்டு.

"இந்தப் பெட்டிக்கு ரெண்டு சம்சாரம்" என்றேன்.

"ஒருத்தி போய்ட்டு இன்னொருத்தி வந்து, அப்புறம் மூத்தவளே திரும்பி வந்திருக்கா" என்றார். ஆனால் அந்த இன்னொருத்தி யார், எந்தப் பெட்டியிலிருந்து வந்தவள் என்பது அவசரத்துக்கு அதிலிருந்து தெரியவில்லை.

பின்னால் நின்றிருந்த ஹரிஹரன் வருத்தத்தோடு விளக்கம் சொன்னார். ஆயுத பூஜைக்கு எட்டுப் பெட்டியையும் திறந்து தூசி ஊதிச் சுத்தம் செய்தது மெயின்டெனன்ஸ் ராமமூர்த்தி. தான் அன்றைக்கு நெமிலியில் சொந்த ஊரில் இருந்ததால் கூட நிற்க முடியவில்லை. கார்டுகளைக் கழற்றி மாட்டியபோது ஒன்றை மாற்றி வைத்துப் பார்த்துவிட்டுத் திரும்பச் சரியாக வைத்திருப்பார், வயசானவர், அவர்மேலும் பழி வேண்டாமே என்றார். எவ்வளவு நல்ல மனிதர் என்று மறுபடியும் நினைத்தேன்.

*

ராமமூர்த்தி ஜெனரேட்டர் ஷெட்டில் இருந்தார். அறுபது வயது, காக்கிச் சட்டை, காதில் பென்சில். சின்ன வயதில் தோல் ஷாப்பில், அதாவது தோல் பதனிடுகிற இடத்தில், சுண்ணாம்புத் தொட்டியில் இறங்கி வேலை செய்தவர். மெஷின் கற்றுக்கொண்டு கரையேறி இங்கே வந்தவர். கார்டை மாற்றி வைத்தீர்களா என்று கேட்டதும் அவருக்கு முகம் சிவந்துவிட்டது.

"மாத்தி வெக்கிறதா? இன்னா சார் பேசறீங்க. நாப்பதாயிரம் தோலு என் கையில போயிருக்கு, ஒண்ணு மாறினது கெடையாது."

தோல் தொட்டிக்குள் போனால் மையும் நிற்காது, சீட்டும் நிற்காது. எல்லாம் கரைந்துவிடும். அதனால் யாருடைய தோல், எந்த லாட் என்பதை வால் ஓரத்தில் கத்தியால் குறியாக வெட்டிவிடுவார்களாம். அந்தப் பழக்கம் அவரை விட்டுப்போகவில்லை. ஆயுத பூஜை அன்றைக்குக் கார்டை வெளியே எடுக்க எடுக்க, எந்தப் பெட்டியிலிருந்து எடுத்தாரோ அந்த நம்பரை, கார்டின் முனையில் திருகாணி போடுகிற தகட்டின் உள் ஓரத்தில், அரத்தாலும் ஆணியாலும் சின்னதாகக் குறி வைத்திருக்கிறார். யாரிடமும் சொல்லவில்லை. சொல்ல அதில் என்ன இருக்கிறது என்று கேட்டார்.

ஆறுக்கு என்ன குறி என்று சாந்தகுமார் கேட்டார். அந்த நேரம் பார்த்து யாரோ ஜெனரேட்டரை ஓடவிட்டார்கள். ராமமூர்த்தி அவர் காதில் ஏதோ கத்தினார், விரல்களால் காற்றில் எதையோ காட்டினார். எனக்கு ஒரு எழுத்தும் கேட்கவில்லை. ஆனால் என் கணவர் அந்த எண்ணெய் தரையில் ஒரு சுற்றுச் சுற்றியதைப் பார்த்தேன். நாற்பத்தெட்டு வயது ஆள், கூலிங் கிளாஸோடு. கேட்டால் இடுப்புப் பிடித்துக்கொண்டது என்றார்.

திரும்பி வந்து, டிசைன் ரூமில் எங்களைத் தவிர யாரும் இல்லாத நேரத்தில் ஆறாம் பெட்டியைத் திறந்து டார்ச் அடித்துப் பார்த்தார். என்னைப் பார்க்க விடவில்லை. அன்றைக்கு நான் கட்டியிருந்தது பாலியஸ்டர். மூடிவிட்டு, சர்ச்சில் பாடும் ஏதோ ஞாயிற்றுக்கிழமைப் பாட்டை முணுமுணுத்தார்.

அதன்பிறகு அவர் செய்ததுதான் எனக்குப் பிடிக்கவில்லை. நேராக முதலாளி அறைக்குப் போனார். தகப்பன், மகன், மேனேஜர் மூன்று பேரும் இருக்கும்போது எல்லாவற்றையும் போட்டு உடைத்துவிட்டார். ராமமூர்த்தி பூஜை அன்றைக்குக் கார்டுகளில் குறி வைத்திருக்கிறார். எத்தனையாவது பெட்டியோ அத்தனை வெட்டு. மூன்று மணிக்கு எல்லோர் முன்னாலும் கலையரசியின் பெட்டியைத் திறப்போம். நம்பரையும் பார்ப்போம், குறியையும் பார்ப்போம். ஆறு வெட்டு இருந்தால், பூஜை சமயத்திலும் அந்தக் கார்டு அவள் பெட்டியில்தான் இருந்திருக்கிறது. அவள் கையெழுத்துப் போடட்டும். வேறு எண்ணிக்கை இருந்தால், யாரோ அந்தக் கார்டைக் கொண்டுபோய்த் திருடிவிட்டுத் திருப்பி வைத்திருக்கிறார்கள்.

அத்தனை வெட்டு என்று அவர் சொன்னபோது ரஷீத் பாய் ஒரு நொடி நிமிர்ந்து பார்த்தார். பிறகு பழையபடி மேஜையைப் பார்த்தார்.

அன்று வெள்ளிக்கிழமை. பன்னிரண்டே முக்காலுக்கு ஜும்மாவுக்காக மெஷின்கள் நின்றன. தொழுகைக்குப் போகிறவர்கள் போனார்கள், மற்றவர்கள் சாப்பிடப் போனார்கள். ரஷீத் பாய் மசூதிக்கு நடந்தார். நவீத் பைக்கை எடுத்துக்கொண்டு எங்கே போனான் என்று தெரியவில்லை. ஹரிஹரன் டிபன் பாக்ஸைப் பிரித்து, கலையரசியைச் சாப்பிடச் சொல்லி வற்புறுத்தினார். அவள் மாட்டேன் என்று தொழிற்சாலை வாசலில் போய் நின்றுகொண்டாள்.

"வா, பிரியாணி சாப்பிடலாம்" என்றார் என் துப்பறிவாளர்.

கதவைப் பூட்டவில்லை. காவல் வைக்கவில்லை. அவருடைய டூல் பெட்டியைக்கூட ஆறாம் பெட்டி பக்கத்தில் திறந்தபடி வைத்துவிட்டு வந்தார். நான் பஜார் வரைக்கும் திட்டிக்கொண்டே போனேன். இப்போது யார் வேண்டுமானாலும் போய்க் கார்டையே எடுத்துவிடலாமே என்றேன். எடுக்க மாட்டார்கள், கார்டு காணாமல் போனால் கலையரசி தப்பித்துவிடுவாள் என்றார். வேறு என்ன வேண்டுமானாலும் செய்யலாமே என்றேன்.

"அதுக்குத்தான் பிரியாணி சாப்பிடறோம்" என்று சொல்லி, என் தட்டிலிருந்த கத்திரிக்காயையும் எடுத்துக்கொண்டார்.

*

மூன்று மணிக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது டிசைன் ரூமில் எல்லோரும் கூடியாயிற்று. டூல் பெட்டியைப் பார்த்ததும் எனக்குக் கை பரபரத்தது. அந்தப் பெட்டியை அடுக்குவது நான். முக்கோண அரம் எப்போதும் திருப்புளிகளுக்கு இடது பக்கம் இருக்கும். இப்போது வலது பக்கம் இருந்தது. வாயைத் திறந்தேன். அவர் என் காலை மிதித்தார். நிபந்தனையை நான் காப்பாற்றிய ஒரே தடவை அதுதான், அதுவும் வலியில்.

கரண்ட் வயரைப் பிடுங்கினார். இரும்பைத் தொட்டார். திருகாணியைக் கழற்றி, கார்டை இரண்டு விரலால் மெதுவாக வெளியே எடுத்து, வெள்ளைத் தாள்மேல் வைத்தார். நம்பர் 7பி-ஈ2. தகட்டைத் திருப்பி நவீதிடம் நீட்டினார்.

நவீத் எண்ணினான். இரண்டு தடவை எண்ணினான்.

"ஆறு."

கலையரசி நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டாள். நான் வாங்கிப் பார்த்தேன். ஒரு சந்தேகமும் இல்லை. தகட்டின் ஓரத்தில் வரிசையாக ஆறு வெட்டு. நவீத் போனை எடுத்தான். ஹரிஹரன் அவசரமாக அவன் கையைப் பிடித்து, வேண்டாம் தம்பி, அவளே எழுதிக்கொடுத்துவிடுவாள் என்று கெஞ்சினார். கடிதத்தை மேஜைமேல் விரித்து, பேனாவின் மூடியைத் திறந்து, அவள் பக்கம் நகர்த்தி வைத்தார்.

"கையெழுத்துப் போட்டுட்டுக் கெளம்புமா. ட்ரெயினுக்கு நேரமாச்சு பாரு. எல்லாம் நான் பாத்துக்கறேன்."

அவள் பேனாவை எடுத்தேவிட்டாள்.

"ஒரு நிமிஷம்" என்றார் சாந்தகுமார். "குறி வெச்சவரே வந்து படிச்சிட்டா நல்லது."

வாசலில் நின்றிருந்த ராமமூர்த்தி உள்ளே வந்தார். கார்டை வாங்கி, ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். அவர் தோள் குலுங்க ஆரம்பித்தது. அழுகிறார் என்று நினைத்தேன். சிரித்துக்கொண்டிருந்தார்.

"இது எவனோ ஆபீஸ்காரன் வெச்சது சார்."

என்ன அர்த்தம் என்று நவீத் எரிந்து விழுந்தான். ராமமூர்த்தி பதில் சொல்வதற்குள் ரஷீத் பாய் எழுந்து வந்தார். கண்ணாடியைக் கழற்றிவிட்டு, கார்டைக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டார். கட்டை விரல் நகத்தால் அந்த வெட்டுகளைத் தடவினார், ஒவ்வொன்றாக. பிறகு மகனிடம், எப்போதும்போல மெதுவாகப் பேசினார். தொட்டியில் யாரும் ஆறு வெட்டு வெட்டமாட்டார்கள். வெட்டிக்கொண்டே போனால் தோல் ஓரம் கிழிந்துவிடும். நாலுவரைக்கும்தான் வெட்டு. அஞ்சு என்றால் ஒரு பொத்தல். ஆறு என்றால் ஒரு பொத்தல், பக்கத்தில் ஒரு வெட்டு.

"உன் தாதா, எங்கப்பா, எனக்குக் கத்துக் குடுத்த முதல் கணக்கு இதுதான். உனக்கு நான் கத்துக் குடுக்கலை. அது என் தப்பு."

இவர்கள் எல்லோரும் தோலில் சம்பாதிக்கிறவர்கள். ஆனால் தொட்டிக் கணக்கு தெரிந்தவர்கள் அந்த அறையில் இரண்டே பேர்தான், இப்போது என் கணவரோடு சேர்த்து மூன்று. தெரியாத ஒருவர்தான், ஆறு என்றால் ஆறு வெட்டு என்று நம்பி, மெனக்கெட்டு அரம் போட்டிருக்கிறார்.

"வெட்டெல்லாம் ஒரே மாதிரியா இருக்கு, பாய்?" என்று கேட்டார் சாந்தகுமார்.

"இல்லை. மூணு மங்கலா இருக்கு. மூணு புதுசு, பளபளன்னு இருக்கு."

"அப்ப இன்னிக்கு மதியம் வரைக்கும் அதுல இருந்தது?"

"மூணு" என்றார் ரஷீத் பாய்.

எல்லோரும் சுவரைப் பார்த்தோம். என் கையெழுத்து அவ்வளவு தெளிவாக இருந்ததற்கு அன்றைக்கு முதல் தடவையாக நன்றி சொன்னேன். மூன்றாம் நம்பர் பெட்டிக்கு நேராக, கமா புள்ளி எதுவும் தவறாமல், ஹரிஹரன்.

நான் நவீதைப் பார்த்தேன், மனசுக்குள் மன்னிப்புக் கேட்டேன். போட்ட கோட்டை அழித்தேன்.

ஹரிஹரன் பூஜையில் ராமமூர்த்தி மாற்றியிருக்கலாம் என்று மட்டும் ஆரம்பித்தார். சாந்தகுமார் அதற்குள் மூன்றாம் பெட்டியைத் திறந்துகொண்டிருந்தார். அதிலிருந்த கார்டை எடுத்து முதல் கார்டுக்குப் பக்கத்தில் வைத்தார். தகட்டின் ஓரத்தில் ஒரு சின்னப் பொத்தல். பக்கத்தில் ஒரு வெட்டு. ஆறு. நாங்கள் ஆறாம் பெட்டியைத் திறப்பதாகத்தான் சொன்னோம். தன் பெட்டிக்குள் எது இருக்கிறது என்று பார்க்க அவருக்குத் தோன்றவே இல்லை.

நடந்தது இதுதான் என்று என் கணவர் நிதானமாகச் சொன்னார். பூஜைக்கு முன்னாலேயே ஹரிஹரன் தன் கார்டையும் கலையரசியின் கார்டையும் இடம் மாற்றிவிட்டார். ஒரே மாதிரிக் கார்டு. ஒரு திருகாணி வேலை. அவளுக்குத் தெரிய வழியில்லை. பூஜை அன்றைக்கு அவர் நெமிலிக்குப் போய்விட்டார். ராமமூர்த்தி அவர் பெட்டியில் இருந்த கலையரசியின் கார்டுக்கு மூன்று என்று குறி வைத்துவிட்டார். அப்புறம் ஒரு ஜும்மா நேரத்தில், ரூம் காலியாக இருக்கும்போது, தன் இடத்தில் உட்கார்ந்தபடியே அவள் கார்டின் பெயரில் டிசைனை அனுப்பினார். வேலை முடிந்ததும் இரண்டையும் பழைய இடத்துக்கு மாற்றினார். தகட்டில் இருந்த கீறல் கண்ணில் பட்டிருந்தாலும் கீறல் என்றுதான் நினைத்திருப்பார். இன்றைக்கு அது குறி என்று தெரிந்ததும், மூன்றை ஆறாக்கினார், எங்கள் அரத்தாலேயே.

"காலையிலேயே மூணு வெட்டைப் பாத்துட்டீங்க இல்ல" என்றேன். "அப்பவே சொல்லியிருக்கலாமே."

"சொன்னா கெழவன் கீறினதுன்னு சொல்லியிருப்பாரு. இப்ப அவரே எழுதிக் குடுத்துட்டாரு."

ஹரிஹரன் பேனாவுக்கு மூடி போட்டுச் சட்டைப் பையில் செருகிக்கொண்டார். அந்தப் பொண்ணுக்கு ஒரு கெடுதலும் வந்திருக்காது, போலீஸ் வேண்டாம்னுதானே நான் சொன்னேன் என்று ரஷீத் பாயைப் பார்த்துச் சொன்னார். போலீஸ் வந்திருந்தால் எட்டுப் பெட்டியையும் திறந்திருப்பார்கள், அதனால்தான் வேண்டாம் என்றார் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. நவீத் அவரை ஆபீஸ் அறைக்குக் கூட்டிக்கொண்டு போனான். இந்தத் தடவை போன் செய்வதை யாரும் தடுக்கவில்லை.

*

ஆறாம் பெட்டிக்குள் கார்டைத் திரும்பப் பொருத்தினார். டக். வயரைச் சொருகியதும் பின்னால் பச்சை விளக்கு மினுக்கியது. ரஷீத் பாய் கலையரசியிடம் மன்னிப்புக் கேட்டார். கார் ரெடி பண்ணச் சொல்கிறேன், இன்றைக்கு வீட்டுக்குப் போய் ஓய்வெடு, நாளைக்கும் வேண்டுமானால் லீவு எடுத்துக்கொள் என்றார். அவள் தலையை ஆட்டினாள். போகிறேன் என்று ஆட்டவில்லை.

"ரூம்ல சொன்னா போதாது பாய்" என்றாள். காலையிலிருந்து அவள் குரல் நடுங்காமல் வந்தது அப்போதுதான். "என்னைத் திருடின்னு ஹால்ல வெச்சுத்தான் சொன்னாங்க. ட்ரெயின்ல என்கூட முப்பது பேரு குடியாத்தத்துக்கு வர்றாங்க. நான் வீட்டுக்குப் போறதுக்குள்ள அது போய்ச் சேந்துடும். இதுவும் அங்கயே சொல்லணும்."

ரஷீத் பாய் இதுவரை அந்த ஹாலில் நின்று ஒரு வார்த்தை பேசியது கிடையாதாம். போனஸ் அறிவிப்பைக்கூட மகன்தான் சொல்வானாம். அவர் தொப்பியைச் சரிசெய்துகொண்டு முன்னால் நடந்தார்.

மெயின் ஸ்விட்சை ராமமூர்த்தி இறக்கினார். இருநூறு மெஷினும் ஒன்றாக நின்றன. அத்தனை பெண்களும் நிமிர்ந்தார்கள். ஹால் நடுவில், அடுக்கி வைத்திருந்த தோல் கட்டுக்குப் பக்கத்தில், ரஷீத் பாய் நின்றார். அவருக்குப் பக்கத்தில் கலையரசி.

"கலையரசி மேல தப்பு இல்லை" என்றார். "தப்பு எங்க மேல."

முதல் இரண்டு வரிசைக்குத்தான் கேட்டிருக்கும். பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது.

"கேக்கலை, பாய்."

அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு மறுபடியும் சொன்னார். இந்தத் தடவை கூரைத் தகரத்தில் பட்டுத் திரும்பியது. வாசலில் நின்ற வாட்ச்மேன்கூடத் திரும்பிப் பார்த்தார்.

"கேக்கலை, பாய்" என்றது வேறொரு குரல், வேறொரு மூலையிலிருந்து. நான்கைந்து பேர் முந்தானையால் வாயை மூடிக்கொண்டார்கள்.

மூன்றாவது தடவை அவர் கத்தினார். அறுபத்தைந்து வருஷமாக உள்ளே வைத்திருந்த குரல் மொத்தமும் வெளியே வந்தது மாதிரி இருந்தது. ஹால் முழுக்கச் சிரிப்பு வெடித்தது. சாந்தகுமார் கூலிங் கிளாஸைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். கலையரசியும் சிரித்துக்கொண்டிருந்தாள், ஜூனில் சிரித்ததைவிட அதிகமாக, கன்னமெல்லாம் நனைந்துபோக.

சிரிப்பு அடங்கியது. யாரும் எதுவும் கேட்கவில்லை. ரஷீத் பாய் அவள் பக்கம் திரும்பி, தன் பழைய குரலில், அவளுக்கு மட்டும் கேட்கும்படி, நான்காவது தடவையும் சொன்னார்.